ரோபோவும் குருவியும்: வசனமில்லாத கேம் குறும்படத்தில் பொருந்தாத இருவரின் நட்பைப் படித்தெடுப்பது எப்படி?

கோவையில் ஒரு நூலகத்தின் மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிக் குறும்படம் பார்த்து எழுதுகிறோம். காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள், பிளஸ் டூ முடித்துவிட்டு அனிமேஷன் படிக்கலாமா என்று யோசிப்பவர்கள், தறிக்குடோனில் கணக்கெழுதும் ஒரு தம்பி என்று கலந்த கூட்டம். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது ஒரே வகைப் படத்தில்தான். கொஞ்சமும் பொருந்தாத இரண்டு பேர், பேச்சே கிடையாது, கடைசியில் ஒன்றாகப் போகிறார்கள். பார்ப்பதற்கு எளிது. எழுத உட்கார்ந்தால் எல்லார் தாளிலும் ஒரே வரி வந்து நிற்கும்: "வேறுபாடுகளைக் கடந்தது நட்பு." இந்த வரியை எழுதப் படத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. அதுதான் சிக்கல்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளும் படம், பிளிசார்ட் நிறுவனம் தன் ஓவர்வாட்ச் என்ற வீடியோ விளையாட்டுக்காக 2016 ஆகஸ்டில் வெளியிட்ட 'தி லாஸ்ட் பாஸ்டியன்'. காட்டில் பல வருடம் செயலற்றுக் கிடந்து, கொடியும் பாசியும் மூடிய ஒரு போர் ரோபோ. அதன்மேல் கூடு கட்ட வரும் ஒரு குருவி. ஏழெட்டு நிமிடம், வசனம் இல்லை. வேறு படத்தை வைத்துக்கொண்டாலும் வரிசை இதேதான். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஏன் என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கோடு போடாத நோட்டு ஒன்று, ஒரு கிராஃப் தாள், இரண்டு நிறப் பேனா, ஹெட்போன். கிராஃப் தாள் ஐந்தாவது படியில் தேவைப்படும். பள்ளியில் வாங்கியது மீதியிருந்தாலே போதும்.

படத்தைக் கணினியில் பாருங்கள். யூடியூபில் நிறுத்தி வைத்துவிட்டுக் கமா விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னால் போகும், புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னால் வரும். கைபேசிதான் இருக்கிறது என்றால் வேகத்தைக் கால் பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். ரோபோவின் தலை ஒரு விரற்கடை சாய்வதிலும், குருவி பறப்பதற்கு முன் ஒரு கணம் குந்துவதிலும்தான் இந்தப் படம் பேசுகிறது. ஓடும் வேகத்தில் அதையெல்லாம் உணர்வோம். கண்ணில் பிடிக்க முடியாது. உணர்ந்ததற்குக் காரணம் எது என்று தேடித்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏழு நிமிடப் படத்துக்கு இரண்டு மணி நேரமா என்று முதல் வாரம் எல்லாரும் கேட்பார்கள். மூன்றாவது வாரம் யாரும் கேட்பதில்லை.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. விக்கிப் பக்கத்தையோ, விளக்கவுரை வீடியோவையோ முன்கூட்டியே பார்க்காதீர்கள். அதற்கு எட்டாவது படியில் இடம் வைத்திருக்கிறேன்.

2. முதல் முறை பார்க்கும்போது பேனாவைத் தொடாதீர்கள்

ஒலியோடு, முழுத்திரையில், இடையில் நிறுத்தாமல் பாருங்கள். முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். எந்த இடத்தில் உங்கள் உடம்பு இறுகியது? எந்த இடத்தில் தளர்ந்தது?

"நல்லா இருந்துச்சு", "அழுகையா வந்துச்சு" என்பதெல்லாம் பதில் ஆகாது. இடத்தைச் சொல்ல வேண்டும். "மரங்கொத்தி கொத்துற சத்தம் வந்தப்ப" என்றால் அது பதில். முதல் பார்வை ஒரு தடவைதான் கிடைக்கும். அடுத்த முறை பார்க்கும்போது என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடும், அந்த இறுக்கம் வராது. ஆகவே இந்த இரண்டு வரிகளைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் உங்கள் விளக்கம் எங்கேயாவது படத்தை விட்டு விலகினால், இவைதான் இழுத்துக்கொண்டு வரும்.

3. ஒலி இல்லாமல் ஒருமுறை, படம் இல்லாமல் ஒருமுறை

முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பின்னணி இசை நம்மைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் ஒன்று. இங்கே இளகு, இங்கே பயப்படு என்று சொல்லிக்கொண்டே வரும். அதை எடுத்துவிட்டால், உருவங்கள் தாமாக எவ்வளவு சொல்கின்றன என்று தெரியும். இந்த ரோபோவுக்கு முகமே கிடையாது. தலையில் ஒற்றை விளக்கு. கண் இமைக்காது, வாய் அசையாது. ஆனாலும் ஒலியில்லாமல் பார்க்கும்போதுகூட அது எதையோ ஆவலாகப் பார்க்கிறது என்று புரிகிறது. அதைப் புரியவைப்பது எது? தலையின் சாய்வா, அசைவுக்கு முன் விடும் இடைவெளியா, விளக்கின் நிறமா? நோட்டில் எழுதுங்கள்.

பிறகு திரையைத் திருப்பி வைத்துவிட்டு ஹெட்போனில் கேட்க மட்டும் செய்யுங்கள். ரோபோவின் பீப் ஒலியும் குருவியின் கீச்சொலியும் எவ்வளவு நெருக்கம் என்பது அப்போதுதான் காதில் விழும். உடம்பால் எட்டாத தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கும் குரல் ஏறக்குறைய ஒரே ஜாதி. பார்த்துக்கொண்டே கேட்டால் இது தப்பிப்போய்விடும், கண் முந்திக்கொள்ளும்.

புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டியவர்களின் கட்டுரையில் இசை சொன்னதைக் கதாபாத்திரம் சொன்னதாக எழுதியிருப்பார்கள்.

4. வேறுபாட்டை உடம்பிலிருந்து எழுதுங்கள்

நோட்டில் நடுக்கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதுங்கள். இதில் ஒரு விதி உண்டு: கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதலாம். ரோபோ: உயரம், கனம், உலோகம், ஒரு கை துப்பாக்கி, அசைவு மெதுவாகத் தொடங்கும், துரு. குருவி: உள்ளங்கைக்குள் அடங்கும், எடையே இல்லை, ஒரு இடத்தில் நிற்காது, சட்டென்று பறந்துவிடும், அலகில் குச்சி.

"ரோபோ கெட்டது, குருவி நல்லது" என்று ஒருவர் எழுதுவார். "ரோபோ போர், குருவி சமாதானம்" என்று இன்னொருவர். இரண்டுமே அவசரம். இப்படி எழுதிவிட்டால் முடிவும் அதிலேயே எழுதியாகிவிட்டது; சமாதானம் போரை வெல்லும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு படத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

உடம்பிலிருந்து எழுதினால் எதிர்பாராத ஒன்று கிடைக்கும். ஒரு வாரம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த மாணவி எழுதியிருந்தாள்: "குருவிக்கு வேலை இருக்கிறது. ரோபோவுக்கு வேலை இல்லை." எவ்வளவு கூர்மையான பார்வை! குருவி கூடு கட்டுகிறது. படம் முழுக்க அதற்கு ஒரு காரியம் உண்டு. ரோபோ எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அது முடிந்துபோன வேலை. இந்த ஒற்றை வித்தியாசத்திலிருந்தே ஒரு முழுக் கட்டுரை வளரும். நல்லது கெட்டது என்று பிரித்திருந்தால் இது அகப்பட்டிருக்காது.

வித்தியாசங்களை எழுதி முடித்த பிறகு, ஒற்றுமை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு இருந்தால் போதும். குரலைப் பற்றி முந்தைய படியில் சொன்னேன். இன்னொன்றை நீங்களே தேடுங்கள்.

5. இடைவெளியை அளங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. மற்றப் படிகளைச் சுருக்கமாகச் செய்தாலும் இதை முழுதாகச் செய்யுங்கள்.

முதலில் ஒரு வெளிப்பயிற்சி. காங்கேயம், தாராபுரம் பக்கம் போகிறவர்களுக்குக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் தெரியும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் ஆள் நிற்க வேண்டியதில்லை. அந்த வேலியோரம் அரைமணி நேரம் நின்று, மேயும் மாட்டையும் அதன் பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்கையும் பாருங்கள். மாடு காலெடுத்து வைத்தால் கொக்கு எவ்வளவு தள்ளிப்போகிறது? வாலை அடித்தால்? தலையைத் தூக்கினால்? எப்போது மறுபடி கிட்ட வருகிறது? கரிச்சான் முதுகிலேயே உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது.

அரைமணி நேரத்தில் ஒன்று பிடிபடும். கொக்குக்கும் மாட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு இருக்கிறது. மாடு நடக்கும்போது புல்லிலிருந்து வெட்டுக்கிளியும் பூச்சியும் கிளம்புகின்றன, கொக்கு பிடித்துத் தின்கிறது. ஆகவே அந்தக் கயிற்றின் நீளம் அதிகம் மாறுவதில்லை. மாடு அசைந்தால் விலகும், நின்றால் நெருங்கும், நாள் முழுக்க அதே கணக்கு. இது உபயோகத்தால் வந்த உறவு. இதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இதை நட்பு என்று எழுதுகிறோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியோடு படத்துக்குத் திரும்புங்கள்.

இப்போது கிராஃப் தாளை எடுங்கள். கிடைக்கோட்டில் நேரம், பத்து விநாடிக்கு ஒரு கட்டம். செங்குத்தாக இடைவெளி, நான்கு படிநிலை:

தொட்டுக்கொண்டிருந்தால் 0.
ரோபோவின் கைக்கு எட்டும் தூரம் என்றால் 1.
ஒரே ஷாட்டில் இருக்கிறார்கள், கைக்கு எட்டாது என்றால் 2.
ஒருவர் இருக்கும் ஷாட்டில் மற்றவர் இல்லை என்றால் 3.

கட்டத்துக்குக் கட்டம் நிறுத்திப் புள்ளி வையுங்கள். கோடு மாறும் ஒவ்வொரு இடத்திலும் யார் நகர்ந்ததால் மாறியது என்பதை நிறத்தால் காட்டுங்கள். குருவி என்றால் ஒரு நிறம், ரோபோ என்றால் மற்றொன்று.

ஏன் இவ்வளவு பாடு? இந்த மாதிரிப் படத்தில் உணர்ச்சியைச் சொல்ல முகமும் இல்லை, பேச்சும் இல்லை. அனிமேட்டரின் கையில் மிச்சமிருப்பது இடமும் நேரமும்தான். இரண்டு உருவங்களை எவ்வளவு தள்ளி வைப்பது, எவ்வளவு நேரம் கழித்து நெருங்கவிடுவது என்று யோசித்துத்தான் செய்திருப்பார்கள். அவர்கள் எழுதிய மொழியிலேயே நாமும் படிக்கிறோம்.

கோட்டை வரைந்து முடித்தவர்கள் பெரும்பாலும் நடுவில் எகிறி நிற்கும் மேட்டைத்தான் முதலில் காட்டுவார்கள். அது முக்கியம்தான், அடுத்த படியில் வருகிறேன். ஆனால் தறிக்குடோன் தம்பி ஒரு வாரம் தாளின் இரண்டு ஓரங்களையும் காட்டிக் கேட்டான்:

"ஏனுங்கண்ணா, ஆரம்பத்துலயும் பூஜ்யம், கடைசிலயும் பூஜ்யம். அப்ப எதுவுமே மாறலீங்களா?"

அறையே கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. உண்மைதான். தொடக்கத்தில் குருவி ரோபோவின் மேலேயே கூடு கட்டுகிறது, இடைவெளியே கிடையாது. ஆனால் அப்போது அதற்கு ரோபோ ஒரு மரம், ஒரு பாறை. ரோபோவுக்கோ எந்த நினைவும் இல்லை. முடிவில் மறுபடி இடைவெளி இல்லாமல் போகிறது. இப்போது அந்த உடம்பிலிருந்து என்ன வெளிப்படும் என்று குருவிக்குத் தெரியும், கண்ணால் பார்த்தாயிற்று. தாளில் இரண்டும் ஒரே புள்ளி. அறியாமல் தொட்டது ஒன்று, அறிந்து தொடுவது இன்னொன்று.

இந்தப் படத்தில் நட்பு என்ற சொல்லுக்கு உரிய இடம் அந்த இரண்டு பூஜ்யங்களுக்கும் நடுவில் இருக்கிறது என்பது என் முடிவு. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். தாளில் காட்டினால் போதும்.

6. உடையும் இடத்தில் நின்று பாருங்கள்

ரோபோவும் குருவியும் காட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு மரங்கொத்தி கொத்துகிறது. அந்தத் தடதட ஒலி துப்பாக்கிச் சத்தம்போல் விழ, ரோபோ ஒரு நொடியில் சுடும் வடிவத்துக்கு மாறிச் சுட்டுத் தள்ளுகிறது. மரங்கள் சிதறுகின்றன. குருவி மிரண்டு போகிறது.

இங்கே எல்லாரும் எழுதுவது: "ரோபோவுக்குக் கோபம் வந்தது." நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். ஒலி கேட்பதற்கும் மாறுவதற்கும் நடுவில் யோசனைக்கு இடமே இல்லை. கோபம் என்றால் யார்மேலாவது வர வேண்டும். இதற்கு எதிரில் யாருமில்லை. விளக்கு சிவப்பாவதையும் கோபம் என்று எழுதிவிடுகிறோம், சிவப்பென்றாலே கோபம் என்று நமக்குப் பழகிப்போனதால். பின்னால் வரும் காட்சிகளையும் சேர்த்துப் பார்த்தால், அந்த உடம்பை இப்போது யார் ஓட்டுகிறார்கள் என்பதை நிறம் காட்டுகிறது. நீலத்தில் காட்டை வேடிக்கை பார்க்கும் ரோபோ; சிவப்பில் எப்போதோ எழுதி வைத்த கட்டளை.

இதை நான் விளக்கியதைவிடச் சோமனூரிலிருந்து வரும் ஒரு மாணவன் நன்றாகச் சொன்னான். அவன் பிறந்ததிலிருந்து தறிச்சத்தத்தில் தூங்கியவன். "எங்கூட்ல ராத்திரி கரண்ட்டு போயித் தறி நின்னுச்சுன்னா எல்லாரும் எந்திரிச்சுக்குவோமுங்க. யாரும் எழுப்ப வேண்டியதில்லை. ஒடம்பு தானா எந்திரிச்சுக்கும்." அவனுக்கு மரங்கொத்திக் காட்சி பார்த்த உடனே புரிந்துவிட்டது. சத்தம் நேராக உடம்போடு பேசும். மனம் பிறகுதான் வந்து சேரும். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒலி இருக்கும். கட்டுரையில் எழுத வேண்டாம், ஆனால் நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள்.

உடையும் இடத்தைக் குறித்தபின் இரண்டு பக்கத்திலும் என்ன இழப்பு என்று எழுதுங்கள். குருவிக்குக் காடு சிதைந்தது, உயிர்ப்பயம் வந்தது. ரோபோவுக்கு? பக்கத்தில் இருந்த ஒரே துணை போனது, தன் உடம்பு எதற்காகச் செய்யப்பட்டது என்பதும் அதே நேரத்தில் வெளிப்பட்டது. இரண்டாவதை யாரும் எழுதுவதில்லை. கண்டிப்பாக எழுதுங்கள்.

பொதுவாக ஒரு சொல். இப்படிப்பட்ட எந்தப் படத்திலும் இனிய காட்சிகளை வைத்து நட்பை நிறுவ முயலாதீர்கள். சேர்ந்து விளையாடுவதை யாரும் யாரோடும் செய்யலாம். உடைந்தபின் நடப்பதை வைத்து நிறுவுங்கள்.

7. திரும்பி வருவது யார், கையில் என்ன?

சுட்டு முடித்தபின் ரோபோ காட்டின் ஓரத்துக்கு வருகிறது. தன்னைப்போலவே செய்யப்பட்ட ரோபோக்கள் உடைந்து கிடக்கும் பழைய போர்க்களம். தூரத்தில் நகரம். விளக்கு சிவப்பு. பழைய கட்டளைப்படி நகரத்தை நோக்கி நடக்கத் தொடங்குகிறது. அப்போது குருவி வருகிறது, அலகில் குச்சியோடு.

இங்கே நிறுத்தி மூன்று கேள்விகள். குருவி எந்தத் திசையிலிருந்து வருகிறது? எங்கே வந்து உட்காருகிறது? ரோபோவின் விளக்கு நீலமாவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது? பதில்களை நான் சொல்லப்போவதில்லை. நீங்களே ஃபிரேமில் பார்த்து எழுதினால்தான் அவை உங்கள் சான்று ஆகும்.

அடுத்து, குச்சி. "சமாதானத் தூது" என்று எழுதிவிடக் கை துடிக்கும். அலகில் கிளையோடு பறவை என்றதுமே அந்த நினைவு வந்துவிடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். படத்துக்குள்ளேயே அந்தக் குச்சிக்கு ஒரு பொருள் இருக்கிறது. தொடக்கத்தில் குருவி சுமந்ததும் குச்சிதான், கூடு கட்ட. ஆகவே அது தூது கொண்டுவரவில்லை, விட்ட வேலையைத் தொடர வந்திருக்கிறது. "நீ இன்னும் என் வீடுதான்" என்று அந்தச் செயல் சொல்வதாக நான் படிக்கிறேன். இப்படிப் படித்தால் நான்காவது படியில் மாணவி எழுதிய வரியும் இதோடு வந்து சேர்கிறது: வேலையில்லாத ரோபோவுக்குக் குருவி ஒரு வேலை தருகிறது. கூட்டைச் சுமக்கும் வேலை. துப்பாக்கியாகச் செய்யப்பட்ட உடம்புக்கு இன்னொரு உபயோகம்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதை நீங்களே எழுப்பியாக வேண்டும். கூடு கட்டும் பறவை கட்டிய இடத்துக்குத் திரும்புவது இயல்புதானே? உண்ணிக்கொக்குபோல இதுவும் உபயோகம்தான் என்று ஒருவர் சொல்லலாம். எங்கள் அறையில் இந்த வாதம் ஒரு மணி நேரம் ஓடியது. என் பதில் இது. காடு முழுக்க மரம் இருக்கிறது. உபயோகம் மட்டும்தான் என்றால், சுடாத ஒரு மரத்தைத் தேடிப்போவது எளிது. கொக்கின் கயிறு ஆபத்துக்கு ஏற்ப நீளும். குருவியின் கயிறோ, ஆபத்து என்னவென்று தெரிந்த பிறகும் குறைகிறது. ஆகவே இதை உபயோகம் என்ற சொல்லுக்குள் அடக்க முடியவில்லை.

நீங்கள் எதிர்க்கட்சியில் இருந்தாலும் பரவாயில்லை. எதிர்க்கட்சியின் கேள்வியையே எழுப்பாத கட்டுரைதான் குறையுள்ள கட்டுரை.

கடைசியாக, யார் என்ன விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒரு வரி. குருவி தன் பாதுகாப்பை. ரோபோ, தான் எதற்காகச் செய்யப்பட்டதோ அதை. அது திரும்பிக் காட்டுக்குள் நடக்கிறது. தங்களை நோக்கி வந்த ஒன்று திரும்பிப் போனது என்று அந்த நகரத்துக்குத் தெரியவே போவதில்லை.

8. இப்போது விளையாட்டின் கதையை உள்ளே விடுங்கள்

இவ்வளவு நேரம் தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. விளையாட்டின் பின்கதை முதலிலேயே தெரிந்துவிட்டால், பார்க்காததையும் பார்த்ததாக எழுதுவோம். ஓவர்வாட்ச் விளையாடுகிற பையன்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். படத்தின் முதல் ஷாட்டுக்கே ஆம்னிக் நெருக்கடியைப் பற்றி (விளையாட்டின் கதையில் ரோபோக்களுக்கும் மனிதர்களுக்கும் நடந்த போர்) இரண்டு பத்தி எழுதிவிடுவார்கள். படத்தில் அந்தச் சொல்லே வராது.

இப்போது சேர்க்க வேண்டியவை கொஞ்சம்தான். விளையாட்டு வெளியானது 2016 மே 24. குறும்படம் அதே ஆண்டு ஆகஸ்டில். விளையாட்டின் அதிகாரபூர்வக் குறிப்புப்படி பாஸ்டியன் வகை ரோபோக்கள் முதலில் அமைதி காக்கச் செய்யப்பட்டவை. ஆம்னிக் நெருக்கடியின்போது தங்களைச் செய்த மனிதர்களுக்கு எதிராகவே திருப்பப்பட்டன. நெருக்கடி முடிந்தபின் ஏறக்குறைய எல்லாமே அழிக்கப்பட்டன. இந்த ஒன்று மட்டும் பத்து வருடத்துக்கு மேல் மறந்து கிடந்தது. அதன் வரிசைப்பெயர் இ54. ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் அருகே நடக்கும் கதை.

இதில் உங்கள் விளக்கத்துக்கு உதவுவது எது என்று வடிகட்டுங்கள். "அமைதி காக்கச் செய்யப்பட்டவை" என்பது எனக்கு உதவுகிறது. ரோபோவுக்கு இரண்டு முறை வேலை தரப்பட்டிருக்கிறது, இரண்டும் மற்றவர்கள் தந்தது. மூன்றாவது முறை மட்டும் தானாகத் திரும்புகிறது. வரிசைப்பெயர் எனக்கு உதவவில்லை, விட்டுவிடுவேன்.

குருவியின் பெயர் கேனிமீட். கிரேக்கப் புராணத்தில் கழுகு தூக்கிப்போன இளைஞனின் பெயர் அது. வியாழன் கோளின் மிகப் பெரிய நிலவின் பெயரும் அதுதான். ஒரு மாணவர் இதை வைத்தே நான்கு பக்கம் எழுதினார், உழைப்பான எழுத்து. ஆனால் படத்துக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது பெயரில்லாத குருவி. பெயரிலிருந்து தொடங்கும் விளக்கம் அந்தப் பார்வையாளரை வெளியே நிறுத்திவிடுகிறது.

விளையாடுபவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் கேள்வி. விளையாட்டில் பாஸ்டியனைத் தேர்ந்தெடுத்தால் அதைச் சுட வைப்பது நாம்தான். ஒரு தம்பி சொன்னான்: "படத்தைப் பாத்தப்பறம் அதெ எடுத்து வெளையாடறப்ப ஒருமாதிரி இருக்குதுங்கண்ணா." அந்த "ஒருமாதிரி" என்ன என்று எழுத முடிந்தால், வேறு யாரும் எழுத முடியாத ஒரு பத்தி உங்களுக்குக் கிடைக்கும். விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட படம் என்பதற்கு உண்மையான பொருள் அங்கேதான் வருகிறது.

9. எழுதும் வரிசை

பார்த்த வரிசையில் எழுதாதீர்கள். கதைச்சுருக்கமாகப் போய்விடும். கோட்டில் எது உங்களுக்கு மிக முக்கியமாகத் தெரிந்ததோ அங்கிருந்து தொடங்குங்கள். நான் என்றால் இரண்டு பூஜ்யங்களில் தொடங்குவேன். பிறகு உடைவு, பிறகு திரும்புதல், நடுவில் தேவையான அளவு உடம்புகளின் வேறுபாடு. பின்கதை ஒரு பத்தி போதும்.

கதை தெரியாதவருக்காக மூன்று வரிச் சுருக்கம் முதலில் வைக்கலாம். நான்காவது வரி வந்தால் வெட்டுங்கள்.

ஒரு வாக்கியத்தை எப்படித் திருத்துவது என்று காட்டுகிறேன். வழக்கமாக வருவது இப்படி:

"போர் இயந்திரமான ரோபோவின் மனதைச் சின்னஞ்சிறு குருவியின் அன்பு மாற்றியது."

மனம், அன்பு, மாற்றம். மூன்றில் ஒன்றைக்கூடத் திரையில் காட்ட முடியாது. திருத்திய வடிவம்:

"சுட்டதைப் பார்த்த குருவி, குச்சியோடு மறுபடி வருகிறது. ரோபோவின் விளக்கு சிவப்பிலிருந்து நீலமாகிறது. நகரத்தை நோக்கி வைத்த நடை நிற்கிறது. மரம் என்று நினைத்து உட்கார்ந்த இடத்தில், துப்பாக்கி என்று தெரிந்தும் உட்காருகிறது குருவி."

முதல் மூன்று வாக்கியங்களை யார் வேண்டுமானாலும் படத்தில் சரிபார்க்கலாம். நான்காவது மட்டுமே விளக்கம், அதுவும் அந்த மூன்றின் தோளில் நிற்கிறது. இந்த விகிதத்தைக் காப்பாற்றினாலே கட்டுரை தரையில் நிற்கும்.

குருவிக்கு வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். "பயப்படாதே நண்பா என்றது குருவி" என்று வந்தால், அந்தக் குருவி உங்களுடையது, படத்தினுடையது அல்ல. நானே மேலே "நீ இன்னும் என் வீடுதான்" என்று எழுதினேன். ஆனால் நான் அப்படிப் படிக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அந்தச் சிறு அடையாளம் தேவை.

பழமொழியோடு தொடங்குவதையும் தவிர்க்கச் சொல்வேன். நட்பைப் பற்றித் தமிழில் இல்லாத பழமொழி இல்லை. அது முதல் வரியில் வந்து உட்கார்ந்துவிட்டால், படம் அந்தப் பழமொழிக்கு உதாரணமாகச் சுருங்கிவிடுகிறது.

10. படம் பார்க்காதவரிடம் வாசித்துக் காட்டுங்கள்

வீட்டில் யாராவது போதும். கேம் தெரியாதவர் என்றால் இன்னும் நல்லது. வாசித்து முடித்ததும் "பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். ரோபோ எவ்வளவு பெரியது? குருவி எப்போது ஓடிப்போனது? எதற்காகத் திரும்பி வந்தது?

முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் உங்கள் கண் சரியாக வேலை செய்திருக்கிறது. மூன்றாவதுக்கு அவர் கொஞ்சம் யோசித்து, நீங்கள் எழுதியதை அப்படியே ஒப்பிக்காமல் தன் பங்குக்கு ஏதாவது சேர்த்தால் கட்டுரை நன்றாக வந்திருக்கிறது. என் அம்மாவிடம் என் கட்டுரையை வாசித்தபோது, அவர் படத்தைப் பார்க்காமலேயே சொன்னார்: "அதுக்கு முட்டை வெக்கற காலம் வந்திருக்கும் கண்ணு. வேற எடம் பாக்க எங்க நேரம்?" எதிர்க்கட்சியின் வாதம்தான். ஆனால் நாங்கள் ஒரு மணி நேரம் பேசியதில் யாருக்கும் தோன்றாத வலுவோடு வந்தது. ஏழாவது படிக்குத் திரும்பிப்போய் அந்தப் பத்தியை மறுபடி எழுதினேன்.